அடிஷம்: எங்கே பிரிப்பது?

அப்புத்தளைச் சந்தியில் ஓட்டோக்காரரிடம் “அடிஷம் பங்களா” என்றால் போதும், மேற்கே சுமார் 3 கிலோமீட்டர் கொண்டுபோய் விடுவார். கருங்கல் கட்டடம், ரோஜாச் செடிகள், பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறுகளில் வருகிறவர்களில் பாதிப்பேர் மடத்து ஜாமுக்காகவே வருகிறார்கள். பழைய தமிழில் சோற்றுக்கு ‘அடிசில்’ என்று பெயர். அடிசிலுக்கும் அடிஷத்துக்கும் யாராவது முடிச்சுப் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: உறவு எதுவும் இல்லை.

பெயர் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றினுடையது. அடி, ஷம் என்று பிரித்தால் பொருள் கிடைக்காது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹாம்’ என்றால் மனை, குடியிருப்பு. இன்றைய ‘ஹோம்’ அதன் உறவுச் சொல். அதற்கு முன்னால் நிற்பது ஈட் அல்லது எட்டி என்ற ஓர் ஆளின் பெயர். நடுவில் வரும் ‘ஸ்’, நம் ஆறாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. ஆக, இன்னாருடைய மனை. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கில் இது ‘எதெஸ்ஹாம்’. பிற்காலத்தார் பொருத்து எங்கே என்பதை மறந்து, ஸகரத்தையும் ஹகரத்தையும் உருக்கி ஒரே ‘ஷ’ ஆக்கிவிட்டார்கள். ஹோர்ஷம் என்ற ஊருக்கும் நேர்ந்தது இதுதான்.

சொல்லைத் தன் வாய்க்கேற்ப வளைப்பதில் நாமும் சளைத்தவர்கள் அல்லர். சிங்களத்து ஹபுத்தலே ஹகரத்தை உதறி அப்புத்தளை ஆயிற்று. பதுல்ல பதுளை, பஸ்ஸர பசறை. எதுவானாலும் கடைசியில் ஓர் ஐகாரத்தைப் போட்டால்தான் ஊர்ப்பெயர் நம் நாக்கில் உட்காருகிறது. எனக்குப் பிடித்தது பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளி. பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கில ‘வேலி’, தோட்டத்து வாயில் ‘வெளி’ ஆகிவிட்டது. நிமிர்ந்து நிற்க இடமில்லாத சரிவுக்கு வெளி என்று பெயர்!

கென்ட் ஊர்களைப் பற்றி எட்வர்ட் ஹேஸ்டட் எழுதிய பெரிய வரலாற்று நூலில் அடிஷம் பங்குக்குத் தனி இடம் உண்டு. பங்கு என்றால் கோயில்பற்று. ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பரப்பு. இங்கிலாந்தின் இடவிவர நூல்கள் அந்த அளவுகோலை வைத்துத்தான் நாட்டைப் பகுத்தன. ஹேஸ்டட் சொல்லும் மரபுப்படி, 616ஆம் ஆண்டில் கென்ட் மன்னன் ஈட்பால்ட் இந்த நிலத்தைக் கன்டர்பரித் துறவிகளுக்குக் கொடுத்தான். அரசனுக்குரிய கடமைகள் பலவற்றிலிருந்து விலக்கும் அளித்தான். பிறகு வேறு நிலங்களை அந்த மடத்துக்கு எழுதிவைத்தபோது, ஆவணத்தில் எல், எஸ், ஏ என மூன்றே எழுத்துகளைக் குறித்தார்களாம். ‘லிபெரே சிகுட் அடிஷம்’ என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம் அது: அடிஷத்தைப் போலவே கட்டற்றதாக. நம் கல்வெட்டுகளின் ‘இறையிலி’ நினைவுக்கு வருகிறதல்லவா? ஓர் ஊரின் பெயரே விடுதலைக்கு அளவாகிவிட்டது.

அந்தப் பங்கின் குருவாக இருந்தவருக்கு 1869இல் பிறந்த மகன் தோமஸ் வில்லியர்ஸ். தாய்வழிப் பாட்டனார் பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபு. பேரன் இளவயதில் இலங்கைக்கு வந்து தோட்டத்தொழில் கற்று, பின்னர் கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவரானார். 1931இல் அப்புத்தளையில் கட்டி முடித்த மாளிகைக்குப் பிறந்த ஊரின் பெயரை வைத்தார். பின்னாளில், 1960களில், அது துறவிகளின் கைக்கு வந்தது. வில்லியர்ஸ் பிறந்த ஊரையும் துறவிகள்தான் ஆண்டார்கள் என்பதை நினைத்தால், பெயர் தன் பழைய சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்ததுபோல் இருக்கிறது.

‘கட்டற்றதாக’ என்ற சொல்லைத்தான் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. மாளிகை எழுவதற்குப் பத்தாண்டு முன்புவரை, 1921 வரை, இந்த மலைகளில் ‘துண்டு’ முறை இருந்தது. கடன் தீர்ந்ததற்கான துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளியை அடுத்த தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. எல், எஸ், ஏ மூன்றெழுத்து, துண்டும் மூன்றெழுத்து. முன்னது நிலத்தை அவிழ்த்துவிட்டது, பின்னது ஆளைக் கட்டிப்போட்டது.

ஊர்ப்பெயர்களுக்குத் திரும்புவோம். இலங்கையின் முதல் இடவிவரக் களஞ்சியத்தை 1834இல் வெளியிட்டவர் ஒரு தமிழர், கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி. சாமுவேல் லூயிஸின் இங்கிலாந்து இடவிவர அகராதி வெளிவந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊவாவில் தோட்டங்கள் பெருகாத காலம் அது. பிறகு பெருகியபோது துரைமார் தங்கள் ஊர்ப்பெயர்களைக் கொண்டுவந்து நட்டார்கள். பண்டாரவளையின் ஐஸ்லபி ஒரு யோர்க்‌ஷயர் ஊர். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்களிடமும் ஊர்ப்பெயர்கள் இருந்தன. அவற்றைத் தோட்டத்துப் பலகையில் எழுத அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

கொழுந்து பறிக்கும் பகுதியை அவர்கள் ‘மலை’ என்றார்கள். “இன்னைக்கு எந்த மலையில வேலை?” என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக் கேள்வி. அடிஷம் மாளிகையை ஒட்டிய காட்டில் பறவைகள் சரணாலயம் ஒன்று இருக்கிறது. ஆங்கில வரைபடத்தில் ‘தங்கமலே’. அதை எங்கே பிரிப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.