கொடுமுடி கோகிலம்: மேடையிலிருந்து திரைக்கு

தமிழ் நாடக மேடை பேசும்படத்திற்கு வழங்கிய கொடைகளுள் தலையாயது குரலாகும். ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டப் பாடிப் பழகியோரே முதற்படங்களை நிரப்பினர். அவர்களுள் கே. பி. சுந்தராம்பாளின் கதை தனித்து நோக்கத்தக்கது. திரைக்கு வந்தபின் மேடையை மறந்தோர் பலர். இவரோ மேடையில் இழந்ததைத் திரையிலும் சுமந்தார்.

1908இல் கொடுமுடியில் பிறந்த இவர், சிறுவயதிலேயே நாடகம் புகுந்தார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடித்த நாடகங்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் பெரும்புகழ் ஈட்டின. கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, வேலனும் வள்ளியுமாக இருவரும் போட்டியிட்டுப் பாடுவதைக் கேட்கவே மக்கள் திரண்டனர். மேடையில் இணைந்தோர் வாழ்விலும் இணைந்தனர். ஆனால் அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில், முப்பது வயதைக்கூட எட்டாமல் கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்தே வயதான சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். இனி எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

புகழின் உச்சியில் இருந்த பாடகிக்கு இவ்வுறுதி திரையுலகின் கதவை அடைத்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்திற்காக இவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தரப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. அக்காலத்தில் அது நம்புதற்கரிய தொகை! காதலியாக நடிக்க மறுத்தவர் நந்தனாராகவே நடித்தார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியர் வேடம் ஏற்றார். பெண் ஆண்வேடம் புனைவது நாடக மேடைக்குப் புதிதன்று. அந்த வழக்கமே இங்கு அவருக்குக் கைகொடுத்தது எனலாம்.

பின்னர் ஏற்ற வேடங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1940இல் துறவு பூண்ட மணிமேகலை. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நான்கே படங்கள். நான்கிலும் காதலுக்கு இடமில்லாத வேடங்கள். ஔவையாராக அவர் நடித்தபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதுமை அவருக்கு ஒப்பனையால் மட்டும் வந்ததன்று என்பது என் கருத்து.

1969ஆம் ஆண்டின் 'துணைவன்' படப் பாடல்களுக்காக அவர் தேசிய விருது பெற்றார், 1980இல் மறைந்தார். கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டுகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லையாதலால், வேலனையும் வள்ளியையும் ஒருசேரக் காட்டும் படச்சுருள் நமக்கு வாய்க்கவில்லை.