பள்ளி என்னும் உறைவிடம்

கொல்லிமலை கண்ணுக்கெட்டும் தொலைவில், நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியில் அமைந்த ஊர் எருமப்பட்டி. வந்தவாசிப் பக்கத்தில் பிறந்த நான் ஆசிரியப் பணியின் பொருட்டு இவ்வூருக்கு வந்து, பணி ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். ஆண்டுதோறும் சூன் மாதத்தில் இப்பகுதிப் பேருந்து நிலையங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். தந்தையின் தோளில் பெட்டி. தாயின் கையில் புதுப் பாய், வாளி, தட்டு, குவளை. இருவருக்கும் நடுவே முகம் வாடிய பிள்ளை. தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் தம் மக்களை விடுதியில் சேர்க்க வந்தவர்கள் அவர்கள். சேலத்திலிருந்து பிரிந்து 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாமக்கல், கோழிப்பண்ணைக்கும் முட்டைக்கும் பெயர் பெற்றது போலவே உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. இரண்டையும் இணைத்து 'பிராய்லர் பள்ளி' என்று கேலி பேசினோரும் உண்டு. 2017இல் அரசு தரவரிசைப் பட்டியலை நிறுத்திய பின் அந்த ஆரவாரம் சற்றே தணிந்தது. விடுதிகள் தணியவில்லை. பொறியியல், செவிலியர், கல்வியியல் கல்லூரிகள் எனப் பெருகி, இன்று வளாகத்துக்குள்ளேயே தங்கிப் பயில்வது இயல்பான வழக்கமாகிவிட்டது.

சென்ற ஆண்டு நம் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, பெண்ணுக்கு உங்கள் பக்கத்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில்தான் இருந்தாக வேண்டுமாம். பாட்டி ஒப்பவே மாட்டேன் என்கிறார்கள். நம் பிள்ளைகள் இதற்கு முன் இப்படி வெளியே தங்கிப் படித்தது உண்டா?" என்று கேட்டார். அக்கேள்விக்குத் தொலைபேசியில் இரண்டு சொற்களில் விடை கூறிவிட்டேன். விரிவான விடையை இம்மலரின் வழியாக எழுத முற்படுகிறேன்.

'பள்ளி' என்னும் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் என்னும் வழக்குகளில் அச்சொல் படுக்கையையும் உறக்கத்தையும் குறித்து நிற்கிறது. துறவியர் தங்குமிடம் என்பது அதன் அடுத்த பொருள். கல்வி கற்கும் இடம் என்பது அதற்கும் பின் வந்தது. எழுத்துச் சான்றும் இவ்வரிசைக்கு இசைவாகவே உள்ளது. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் மலைக் குகையில், நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி, கணிநந்தி என்னும் துறவிக்குக் குடைவித்துக் கொடுத்த இடத்தைத் தமிழ் பிராமி எழுத்தில் 'பளி' என்றே பொறித்திருக்கிறார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்பது ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்களின் கணிப்பு. அங்கே கரும்பலகை இல்லை, கற்படுக்கை இருக்கிறது. ஆக, நம் நாட்டில் விடுதி முந்தியது, வகுப்பறை பிந்தியது. இன்று கல்விக்கூடத்தைக் கட்டிவிட்டு, அதன் பின்புறத்தில் விடுதியைக் கட்டுகிறோம். சொல்லின் வரலாறு இதற்கு நேர்மாறானது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். 'பள்ளி' என முடியும் ஊர்ப்பெயர்கள் அனைத்தும் சமண ஊர்களே என்று நம்மவர் சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். அது பொருந்தாது. பௌத்தர் இருக்கைக்கும் பள்ளி என்பதே பெயர். சிற்றூரையும் அச்சொல் குறித்தது. நமக்குரியதை நாம் சான்றோடு சொன்னாலே போதும்.

அத்தகைய சான்று எங்கள் எருமப்பட்டிக்கு மிகத் தொலைவில் இல்லை. நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் வழியாகக் காவிரிப் பாலத்தைக் கடந்தால், கரூர் மாவட்டத்து வேலாயுதம்பாளையம். அதனையடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையில், இன்று முருகன் கோயில் விளங்கும் குன்றின் சரிவில், சமண முனிவரின் கற்படுக்கைகள் உள்ளன. கோ ஆதன் செல்லிரும்பொறையின் பெயரனும் பெருங்கடுங்கோவின் மகனுமாகிய இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூரைச் சேர்ந்த மூத்த அமணராகிய செங்காயபன் என்பார்க்கு இவ்வுறையுளை வெட்டுவித்தான் எனக் கல்வெட்டு கூறுகிறது. சேர மன்னர் மூவரின் பெயர்களை ஒருசேரத் தருவதால் வரலாற்றறிஞர்கள் இதனைப் பெரிதும் போற்றுவர். எனக்கோ அதனருகிலுள்ள மற்றொரு சிறு பொறிப்பே மனத்துக்கு நெருக்கமானது. கருவூரைச் சேர்ந்த பொன்வாணிகன் நத்தி என்பவன் தன் பெயரில் ஓர் இருக்கையை, 'அதிட்டான'த்தை, அமைத்துக் கொடுத்த செய்தி அது. அரசன் மட்டுமல்லன், கடைத்தெருவில் பொன் விற்றவனும் பிறர் தங்கியிருக்கப் படுக்கை அளித்தான். இன்றைய விடுதி அறைகளின் வாயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு நத்தியின் நினைவு வரும்.

துறவியர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவதற்கென ஏற்பட்டவை இக்குகைகள். எனவே அவற்றை அப்படியே கல்லூரி என்று சொல்லிவிடுவது மிகையாகும். எனினும், துறவி தங்கிய இடத்தைத் தேடி மாணவன் வந்தான். வந்தவன் உடன் தங்கினான். இவ்வளர்ச்சியைத் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் கண்கூடாகக் காண்கிறோம். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்ட அருகர் திருமேனிகளின் கீழ் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. இன்ன ஊரினர், இன்ன ஆசிரியரின் மாணாக்கர், இத்திருமேனியைச் செய்வித்தார் என்னும் அமைப்பிலேயே அவற்றுட் பல அமைந்துள்ளன. ஊரும் ஆசிரியர் பெயரும் மாணவன் பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன. வருகைப் பதிவேட்டைக் கல்லில் வைத்தது போன்ற தோற்றம். பட்டினிக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார் எனப் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அங்கே உண்டு. 'குரவர்' என்பதன் பெண்பால் குரத்தி. இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறாலாகிய திருச்சாரணத்து மலையைச் சேர்ந்த குரத்தியாரும் கழுகுமலையில் இடம்பெறுகிறார். நெடுந்தொலைவு கடந்தும் பெண்கள் கற்கவும் கற்பிக்கவும் சென்றிருக்கிறார்கள்.

பெண் பிள்ளை வெளியூரில் தங்கிப் படிக்கலாமா என்று கேட்ட அந்தப் பாட்டிக்கு நான் காட்ட விரும்புவது கழுகுமலையைக் கூட அன்று. எங்கள் வந்தவாசி வட்டத்தைச் சேர்ந்த வேடலைத்தான். விடால் என்பது அதன் பழம்பெயர். மாதேவி ஆராந்திமங்கலம் என்றும் வழங்கியது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 885இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார். அவரிடம் பயின்ற பெண் மாணாக்கியர் ஐந்நூற்றுவர். இவர்களுக்கும் அங்கிருந்த தவசியர் நானூற்றுவருக்கும் இடையே பிணக்கு நேர்ந்தது. பிணக்கின் காரணத்தைக் கல் சொல்லவில்லை. இடமோ, சோறோ, முறைமையோ, எதுவாயினும் ஆகுக. ஒரே வளாகத்தில் தொள்ளாயிரம் பேர் வாழ்ந்தால் மனத்தாங்கல் எழாதிருக்குமா? விடுதிக் காப்பாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அறுபது பேரையே ஓர் ஒழுங்கில் வைத்திருப்பதன் அருமையை நான் அறிவேன்.

பிணக்கைவிட, அதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து, அவர்களுக்கு உணவளித்து வருவோம் என்று ஊரார் பொறுப்பேற்றனர். அப்பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவது எளிய தீர்வாக இருந்திருக்கும். அவ்வாறு அவர்கள் செய்யவில்லை. 'காத்தல்', 'ஊட்டல்' என்னும் இரண்டு கடமைகளையும் ஓர் ஊரே தன் தலைமேல் ஏற்றுக் கல்லில் வெட்டி வைத்தது. பெண்கள் விடுதி ஒன்றின் பாதுகாப்புக்காகப் பொதுமக்கள் எழுதிக் கொடுத்த உறுதிமொழி என்று இதனைக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. வேடலுக்கு மிக அண்மையில் பிறந்து வளர்ந்தும், முதுகலை வகுப்பில் சேரும்வரை இதனை நான் அறிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஊரார் இவ்வாறு முன்வந்ததற்கு நம் அறநூல்களில் அடிப்படை உண்டு. ஆகாரம், அபயம், ஒளடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நான்கும் ஒரு கூரையின் கீழ்க் கூடும் இடம் பள்ளி. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இந்நான்கைச் சற்றே வேறு வகையாக, ஆகாரம், ஒளடதம், உபகரணம், ஆவாசம் என எண்ணுகிறார். ஆவாசமாவது தங்க இடம் அளித்தல். தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலை அடியொற்றி எழுந்தது. தங்க இடம் அளிப்பதும் சோறளிப்பதற்கு இணையான அறமே என்னும் இக்கருத்தைத்தான் கருவூர்ப் பொன்வாணிகன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருந்தான்.

உடனுறைந்து கற்பதன் இயல்பைக் கொங்கு நாட்டுச் சமணச் சான்றோர் ஒருவர் இலக்கணமாகவே வகுத்தார். சீனாபுரத்தோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் பவணந்தி முனிவர், சீயகங்கன் வேண்டுகோளால் நன்னூலை இயற்றியவர். அதன் பொதுப்பாயிரத்தில் மாணவன் ஆசிரியரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை கூறப்படும். குளிர் காய்பவன் தீயை மிக நெருங்காமலும் விட்டு விலகாமலும் இருப்பது போல இருக்க வேண்டுமாம்; நிழலைப் போல நீங்காது தொடர வேண்டுமாம். முப்பதாண்டுகள் இப்பகுதியை நடத்தினேன். ஒன்பதரை மணிக்கு வந்து நான்கரை மணிக்குப் பேருந்து பிடிக்கும் மாணவனுக்கு நிழலைப் பற்றிய இவ்வுவமை வெறும் மனப்பாடம். விடுதியில் தங்கிய மாணவர் சிலர் மட்டும், இரவில் விளக்கடியில் ஐயம் கேட்க வந்தபோது, அதன் பொருளை உணர்ந்தனர்.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பள்ளிகள் மறைந்ததையும், மேல்சித்தாமூர் மடம் போன்ற சிலவே எஞ்சியதையும் நம் மலர்களில் பலரும் எழுதியுள்ளனர். அதனைக் கடந்து இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1905இல் கணேசப் பிரசாத் வர்ணி காசியில் சியாத்வாத மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். தங்கிப் படிக்கும் மாணவருக்கென்றே எழுந்த நிலையம் அது. 1921இல் பீகாரின் ஆரா நகரில், இளமையிலேயே கணவரை இழந்த சந்தாபாயி அம்மையார் பெண்களுக்கென ஜைன பாலா விசிராமத்தை நிறுவினார். கனகவீரக் குரத்தியாரின் ஐந்நூற்றுவருக்கு மிக நெடுங்காலத்துக்குப் பின் மீண்டும் எழுந்த ஒரு கூரை என்று அதனை எண்ணி மகிழலாம்.

மராத்திய நாட்டில் வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் வெவ்வேறு சமூகத்து மாணவர்களுக்கும் விடுதிகள் தோன்றத் துணைநின்றார். அவ்வூர்ச் சமண விடுதியில் தங்கிப் பயின்றவர் கும்போசு என்னும் ஊரில் 1887இல் சமண வேளாண் குடும்பத்தில் பிறந்த பாவுராவ் பாட்டீல். சமூகத்துக்கொரு விடுதி என்னும் முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1919இல் ரயத் சிக்சண் சன்ஸ்தாவைத் தோற்றுவித்து, 1924இல் சாத்தாராவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்ணும் விடுதியைத் திறந்தார். 1927இல் காந்தியடிகள் அங்கு வந்து பார்த்தார். உழைத்துக்கொண்டே படிப்பது அவ்விடுதியின் நெறி.

நம் பிள்ளைகளுக்கென்று தனி விடுதி வேண்டும் என்ற பேச்சு நம் கூட்டங்களில் அவ்வப்போது எழுகிறது. பாவுராவின் வாழ்க்கையை நினைத்தால், சுவர் எழுப்பித் தனித்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எனினும் அக்கோரிக்கையின் உள்ளே ஒரு மெய்யான இடர் இருக்கிறது. அது இரவு உணவு. கதிர் மறைந்தபின் உண்ணாமை நம் நோன்பு. விடுதிகளிலோ இரவு எட்டு மணிக்குத்தான் சோறு. நான் முதுகலை பயின்ற கல்லூரியின் விடுதியில் முதல் மாதம் முழுவதும் மாலையில் வேர்க்கடலையும் வாழைப்பழமும் தின்று தண்ணீர் குடித்துப் படுத்தேன். காப்பாளரிடம் கூறியபோது, ஒருவனுக்காக அடுப்பெரிக்க இயலாது என்றார். இரண்டாம் மாதம் சமையற்காரப் பெரியவர் தாமாகவே என்னை அழைத்தார். "தம்பி, நாளை முதல் ஐந்தரை மணிக்குப் பின்கட்டுக்கு வந்துவிடு" என்றார். அவர் சமணர் அல்லர். நம் நோன்பின் பெயரும் அவர் அறியார். இரண்டாண்டுகள் எனக்கெனத் தட்டில் சோறு எடுத்து மூடி வைத்தார்.

உறவினரின் மகள் விடுதியில் சேர்ந்துவிட்டாள். சமையற்கூடத்தாரிடம் நானே சென்று பேசினேன். ஆறு மணிக்கு முன் அவளுக்கும், அவளோடு இன்னும் இரு மாணவியருக்கும் உணவு தர இசைந்தனர். அவ்விருவரும் நம் சமூகத்தினர் அல்லர். இரவில் தாமதமாக உண்டால் செரிப்பதில்லை என்பதற்காகச் சேர்ந்துகொண்டார்களாம். பாட்டி மட்டும் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு புகலூர் மலைக்குச் சென்றேன். ஒருவன் கற்படுக்கையில் கால் நீட்டிப் படுத்து, தலைப்பக்கம் சற்று உயர்ந்திருப்பதைத் தடவிப் பார்த்து, "ஐயா, தலையணையும் கல்லுதானா?" என்றான். மற்றொருவன் நத்தியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்று கொண்டிருந்தான். 'ந' வரை வந்தபோது மற்றவர்கள் கீழிருந்து கூப்பிட்டார்கள். விடுதியில் ஏழு மணிக்கு வருகைப் பதிவு எடுப்பார்கள். அதற்குள் அவர்கள் உள்ளே இருந்தாக வேண்டும்.