கடன் அட்டையில் தாயின் பெயர்: விழுப்புரம் கிராமங்களில் கடனும் மனநோவும்

தென்னார்க்காட்டுக் கிராமக் கடனைப் பற்றி எழுத முற்படுகிறவர் 1916-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது நலம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு அவ்வாண்டில் கிராமங்களை ஆராயச் செய்து 1918-இல் வெளியிட்ட நூலில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமுள்ள இருவேல்பட்டும் இடம்பெற்றது. மகன் மகள் கலியாணத்துக்காக நிலக்கிழாரிடம் வாங்கிய கடனுக்குத் தன் உழைப்பையே ஈடாக வைத்து, அது தீராமலே தன் பிள்ளையையும் அதே பண்ணைக்கு விட்டுச்சென்ற படியாளின் நிலைமை அதில் பதிவாகியிருக்கிறது. அவன் மனைவியும் அதே களத்தில் உழைத்தாள். ஆயினும் கடன்காரன் என்ற பெயர் அவனோடு நின்றது. நூறாண்டு கழிந்து 2020-இல், அங்கிருந்து வெகுதூரமில்லாத கண்டாச்சிபுரம் தாலுகாவில், குழுக் கடன் அட்டைகளில் இருந்த பெயர் தாயினுடையதாக இருந்தது. இப்பெயர் மாற்றம் நிகழ்ந்த வகையையும், கொள்ளைநோய்க் காலத்தில் அது அவள் மனத்தின்மேல் ஏற்றிய பாரத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்றத்தின் தோற்றுவாய் நல்லெண்ணமே என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டமும், 1992-இல் நபார்டு வங்கி ஏற்படுத்திய குழு-வங்கி இணைப்பும், 1997-98-இல் மாநிலமெங்கும் பரவிய மகளிர் திட்டமும், தண்டல்காரரிடமும் கந்து வட்டிக்காரரிடமும் சிக்கியிருந்த ஏழைப் பெண்களுக்குச் சேமிப்பையும் மலிவான கடனையும் முதன்முதலாக அவர்கள் பெயரிலேயே கொடுத்தன. ஆனால் பெண்கள் கூடி உட்காரும் பழக்கம் ஊரில் வேரூன்றிய பிறகு, அந்தப் பழக்கத்தையே மூலதனமாகக் கொண்டு நுண்கடன் கம்பெனிகள் வந்து சேர்ந்தன. 2010-இல் ஆந்திரத்தில் நேர்ந்த நுண்கடன் நெருக்கடிக்குப் பின் ரிசர்வ் வங்கி 2011-இல் இக்கம்பெனிகளுக்குத் தனி விதிகள் வகுத்தது. தமிழ்நாடோ நாட்டின் மிகப்பெரிய நுண்கடன் சந்தைகளில் ஒன்றாயிற்று.

இக்கடன் வசூலாகும் முறையைச் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். காலை வேளையில் ஒருத்தி வீட்டுத் திண்ணையில் குழுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அட்டையையும் பணத்தையும் வசூலிக்க வந்த பையனிடம் நீட்டுகிறார்கள். ஒருத்திக்குக் குறைந்தால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடியும்வரை அவன் எழுந்திருப்பதில்லை. இங்கே ஈடாக வைக்கப்படுவது நிலமுமன்று நகையுமன்று. அண்டை வீட்டாரிடம் அவளுக்கிருக்கும் மதிப்பு. நாள்தோறும் முகம் பார்த்தாக வேண்டிய தெருவிலேயே அவள் கடன்காரியாக நிற்கிறாள்.

இந்நிலையில்தான் 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. செங்கல் சூளையும் கரும்பு வெட்டும் நின்றன. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தை தொற்றின் மையமாகி மூடப்பட்டபோது, அங்கே மூட்டை தூக்கியவர்கள் விழுப்புரம், கடலூர் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். கூலியோடு வர வேண்டிய புருஷன் வெறுங்கையோடும் ஊராரின் அச்சத்தோடும் வந்தான். ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயும், ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய் வீதமும் கிடைத்தன. ரிசர்வ் வங்கி மார்ச் 27-இல் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அளித்து, பின்பு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஆயினும் அவ்வவகாசத்தில் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. இதை எத்தனை தாய்மாருக்கு எவரேனும் விளங்கச் சொல்லியிருப்பார்கள்? தாலிக் குண்டும் அடகுக் கடைக்குப் போய், மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறே கழுத்தில் மிஞ்சியவளுக்கு, வட்டி கட்டாத நகை மூழ்கிப்போகுமே என்ற பயம் இரவுத் தூக்கத்தைத் தின்றது.

அரசாங்கம் எதை முதலில் திறந்தது என்பதும் இச்சரித்திரத்தின் ஒரு பகுதி. டாஸ்மாக் மதுக்கடைகள் 2020 மே மாதத்திலேயே திறந்தன. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பள்ளிக்கூடம் போக 2021 நவம்பர் 1 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாத காலமும் சத்துணவுக் கூடத்தில் வேகாத சோற்றை வீட்டு அடுப்பில் வேகவைத்தவள் தாய். குடித்துவந்தவனிடம் அடிபட்டவளும் பல வீடுகளில் அவளே.

பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் 2010 முதல் கொள்ளைநோய்க் காலம்வரை கடலூர், விழுப்புரம் கிராமக் குடும்பங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்திருக்கிறார்கள். அவர்களுள் இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் ஆகிய மூவரும் 2023-இல் வெளியிட்ட நூல், ஒரு கடனை வாங்கி இன்னொன்றை அடைப்பதும், கடன் கொடுத்தவரைச் சமாதானம் செய்வதும், மானம் போகாமல் காப்பதும் கூலியில்லாத ஒருவகை உழைப்பாகப் பெண்மேல் விழுந்திருப்பதைக் காட்டுகிறது.  

மனநலச் சேவையின் வரலாறோ கடனின் வரலாற்றுக்கு முற்றிலும் வேறான பாதையில் நடந்தது. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும், 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தன. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் தொடங்கியது. எனினும் கண்டாச்சிபுரத்திலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகும். கடன் வசூலோ அவள் திண்ணைக்கே வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாயிருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்பவள் ஒரு மாத்திரையோடு திரும்புகிறாள். தவணை எவ்வளவு என்று அங்கே எவரும் கேட்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2020-இல் தற்கொலையால் இறந்த 1,53,052 பேரில் 22,000-க்கு மேற்பட்டவர்களை ‘இல்லத்தரசி’ என்று வகைப்படுத்தியது. களை பறிக்கவும் நாற்று நடவும் போனவள் அந்த வகைக்குள் எத்தனை முறை ஒளிக்கப்பட்டாள் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது.

பின்னர் நிவாரணங்கள் வந்தன என்பதை மறைக்கலாகாது. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் பெற்ற 2,756 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. நுண்கடன் கம்பெனிகளின் கடனுக்கு அது எட்டவில்லை. 2022 அக்டோபரில் 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கலாயிற்று. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் சேர்ந்தது. 2025-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் கடன் வசூலில் மிரட்டலைக் குற்றமாக்கியதோடு, அம்மிரட்டலால் கடன்பட்டவர் தற்கொலை செய்துகொண்டால் அதற்குத் தூண்டுதல் குற்றம் சாட்டவும் வகைசெய்தது. கடனையும் மனத்தையும் ஒரே வாசகத்தில் சேர்த்துச் சொன்ன இச்சட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அச்சேர்க்கை அவள் இறந்த பிறகே நிகழ்கிறது. மாவட்ட மனநலக் குழுவின் ஆலோசகர் ஒருவர், ஏற்கெனவே கூடுகிற மகளிர் குழுக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை வந்து அமர்ந்தால், உயிரோடிருக்கும்போதே அவளைக் கேட்க ஓர் ஆள் கிடைப்பார். அதற்குப் புதிய கட்டடமும் வேண்டியதில்லை.