பழைய இந்திய அஞ்சல் தலை வகைகளை இனங்காணல்

அஞ்சல் தலை வகை என்பது, ஒரே படமும் ஒரே மதிப்பும் கொண்டிருந்தும் தாள், நீர்க்குறி, துளை, எழுத்து, அச்சுமுறை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் மற்றொன்றிலிருந்து வேறுபடும் அஞ்சல் தலையைக் குறிக்கும். இவ்வேறுபாடுகளுள் முதன்மையான சில தலையின் முன்பக்கத்தில் தெரிவதே இல்லை. முகப்பை மட்டும் பார்த்து, விலைப்பட்டியலில் அதே படத்துக்கு எதிரே உள்ள மிக உயர்ந்த விலையைத் தம் தலைக்குப் பொருத்திக்கொள்வது தொடக்கநிலைச் சேகரிப்பாளர் பெரும்பாலோர் செய்யும் பிழையாகும். இதற்கு மறுதலையாக, அரிய வகையொன்றை மலிவானதென எண்ணிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

காலத்தை அறிதல்

முதலில் தலையில் உள்ள மன்னர் உருவத்தையும் பொறிப்பையும் காண வேண்டும். 1852 சூலை 1 அன்று சிந்து மாகாணத்தில் பார்ட்டில் பிரியர் வெளியிட்ட வட்டவடிவ 'சிந்து டாக்' தலைகளே ஆசியாவின் முதல் அஞ்சல் தலைகள். இந்தியா முழுமைக்குமான தலைகள் 1854இல் கல்கத்தாவில் அச்சிடப்பட்டன. இவற்றில் 'இந்தியா' என்று மட்டுமே ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஓரத்தில் துளைகள் இல்லை. இவற்றுள் நாலணாத் தலை சிவப்பு, நீலம் என இருமுறை அச்சிடப்பட்டது. தாள் தலைகீழாகச் செலுத்தப்பட்டதால் அரசியின் உருவம் தலைகீழாக அமைந்துவிட்ட சில தலைகள் உலகப் புகழ் பெற்றவை. 1854ஆம் ஆண்டுத் தலைகளுக்குப் போலிகள் மிகுதி. ஆகவே பழக்கமில்லாதவர் இவற்றிலிருந்து சேகரிப்பைத் தொடங்காதிருத்தல் நலம்.

1855 முதல் இலண்டனின் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட தலைகளில் 'ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்' என்றும், 1882இல் தொடங்கிய வரிசையில் 'இந்தியா போஸ்டேஜ்' என்றும் காணப்படும். ஏழாம் எட்வர்டு தலைகள் 1902 முதலும், ஐந்தாம் ஜார்ஜ் தலைகள் 1911 முதலும், ஆறாம் ஜார்ஜ் தலைகள் 1937 முதலும் வெளிவந்தன.

நீர்க்குறி

தாள் உருவாகும்போதே அதன் தடிப்பை மாற்றி அமைக்கப்படும் குறி நீர்க்குறி ஆகும். இந்தியத் தலைகளில் 1865 முதல் யானைத்தலையும், 1882 வரிசை முதல் விண்மீனும் நீர்க்குறிகளாக இருந்தன. வகைகளை அறிய விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது இதனையே எனலாம்.

ஐந்தாம் ஜார்ஜ் தலைகள் இதற்கு ஏற்ற பயிற்சிப் பொருளாகும். இவை எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. இலண்டனில் அச்சிடப்பட்டவற்றில் தலைக்கு ஒன்றாகப் பெரிய விண்மீன் காணப்படும். நாசிக்கில் அரசு அச்சகம் நிறுவப்பட்டு 1926 முதல் அங்கேயே அச்சிடப்பட்ட தலைகளில் சிறிய விண்மீன்கள் பல நிறைந்திருக்கும். இரண்டுக்கும் படம் ஒன்றே. தலையைக் கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்தால் சிலவற்றில் குறி அப்படியே தெரியும். தெரியாதவிடத்துச் சிகரெட் லைட்டரில் ஊற்றும் எரிநெய்யைச் சில துளிகள் விட்டால் தெளிவாகும். இந்நெய் தீப்பற்றக்கூடியது, காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்கு அப்பால் செய்ய வேண்டும். நிழற்பட முறையில் அச்சான தலைகளின் மை இதில் கரையக்கூடும் என்பதால் அவற்றுக்கு இம்முறை ஆகாது.

1931இல் புது தில்லித் திறப்பு விழாவுக்கு வெளியான தலைகளில் விண்மீன்களின் முனை இடப்புறம் நோக்கியவை, வலப்புறம் நோக்கியவை என இரு வகைகள் உண்டு. விடுதலைக்குப் பின்னரும் இத்தகைய இரட்டைகள் உள்ளன. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா நாணயமுறையுடன் வெளிவந்த இந்திய வரைபடத் தலைகள் முதலில் விண்மீன் நீர்க்குறியுடனும், 1958 முதல் அசோகர் தூண் சிங்க நீர்க்குறியுடனும் அச்சாயின.

எழுத்தும் படமும்

உருப்பெருக்கிக் கண்ணாடி மட்டுமே தேவைப்படும் வகைகளும் உள்ளன. ஐந்தாம் ஜார்ஜின் ஒன்றரையணாத் தலையில் மதிப்பு ஆங்கிலத்தில் முதலில் 'அணா' என ஒருமையிலும், 1921இல் 'அணாஸ்' எனப் பன்மையிலும் எழுதப்பட்டது. ஓர் எழுத்தே வேறுபாடு.

1949 ஆகத்து 15 அன்று வெளியான தொல்லியல் வரிசையில் ஓரணாத் தலையின் போதிசத்துவர் உருவம் இடவலம் மாறி அச்சாகி, இடக்கையை நீட்டியவாறு அமைந்தது. 1950இல் வலக்கை நீட்டியதாகத் திருத்தப்பட்டது. பழைய அஞ்சல் தலைகளைக் குவியலாக வாங்குவோர் இவ்விரண்டையும் தேடிப் பார்த்தல் தகும்.

துளைகள்

துளையளவு என்பது இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கை. துளையற்ற அரிய வகை என விற்கப்படுவனவற்றில் ஓரம் கத்தரிக்கப்பட்ட சாதாரணத் தலைகளும் உண்டு. நான்கு புறமும் அகன்ற வெற்றிடமோ, இரண்டு தலைகள் சேர்ந்த இணையோ இல்லாத நிலையில் அத்தகைய கூற்றை ஏற்கலாகாது.

மேலச்சு

அச்சிட்ட தலைமேல் பின்னர் அச்சிடப்படும் எழுத்து மேலச்சு எனப்படும். 1921இல் ஓரணாத் தலைமீது 'ஒன்பது பை' என ஆங்கிலத்தில் மேலச்சிட்டபோது சிலவற்றில் 'ஒன்பது ஒன்பது' என்றும் 'பை பை' என்றும் பிழையாக அமைந்தது. 1948இல் சுவிட்சர்லாந்தில் அச்சிடப்பட்ட காந்தியடிகள் தலைகளுள் நூறு தொகுதிகளில் மட்டும் தலைமை ஆளுநரின் பயன்பாட்டுக்காக 'சர்வீஸ்' என மேலச்சிடப்பட்டது. உண்மையான தலையின்மேல் பொய்யான எழுத்தை அச்சிடுவது எளிது. இக்காரணத்தால் மேலச்சுத் தலைகளை வல்லுநர் சான்றின்றி உயர்விலைக்கு வாங்குதல் அறிவுடைமையன்று.

வருவாய்ப் பயன்பாடு

1906இல் வெளியான ஏழாம் எட்வர்டின் அரையணா, ஓரணாத் தலைகளில் 'போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூ' எனப் பொறிக்கப்பட்டது. அதன்பின் ஒரே தலையைக் கடிதத்திலும் ஒட்டலாம், பற்றுச்சீட்டிலும் ஒட்டலாம். 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி இருபது ரூபாய்க்கு மேற்பட்ட பற்றுச்சீட்டுக்கு ஓரணாத் தலை தேவைப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊர்களில், வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் பழைய தலைகள் இவ்வாறு கையொப்பம் குறுக்கே ஓடியவையாக இருக்கலாம். மையெழுத்துள்ள தலை தனி வகை அன்று. அஞ்சல் முத்திரை பெற்றதைவிட அதன் சந்தை மதிப்பு குறைவு. கையெழுத்தை வேதிப்பொருளால் அழித்துப் பயன்படுத்தாத தலையென விற்பதும் நிகழ்வதால், மங்கிய நிறமும் பின்பக்கப் பசையின்மையும் ஐயத்துக்குரியன. ஆனால் தலை ஒட்டிய சீட்டு முழுமையாக இருந்தால் அது குடும்பத்தின் ஆவணமாகும். தலைக்காக அதனைக் கிழிப்பது வருந்தத்தக்கது.

பிரெஞ்சிந்தியத் தலைகளும் சமத்தானத் தலைகளும்

புதுச்சேரி அருகில் இருப்பதால் செஞ்சிப் பகுதியில் பிரெஞ்சிந்தியத் தலைகள் கிடைக்கவும் வாய்ப்புண்டு. 1892இல் தொடங்கிய இத்தலைகள் சாந்தீமில் மதிப்பிடப்பட்டன. 1923இல் பணம், காசு என்னும் உள்ளூர் மதிப்புகள் பழைய தலைகள்மீது மேலச்சிடப்பட்டன. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1941 முதல் 'பிரான்ஸ் லீபர்' என மேலச்சிட்டவற்றுக்கும் போலிகள் உள்ளன. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி மாறியபின் இவை வழக்கொழிந்தன.

கன்னியாகுமரிப் பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் திருவிதாங்கூர்த் தலைகள். சங்குச் சின்னமும் சக்கர நாணய மதிப்பும் கொண்ட இவை 1888இல் தொடங்கின. சங்கு நீர்க்குறியின் வடிவங்களும் துளையளவுகளும் பலவாதலால் இவை தனியே கற்க வேண்டிய துறையாகும்.

கையாளுதல்

வகையை அறியும் முன் எதையும் நீரில் ஊறவைத்தல் கூடாது. டி லா ரூ அச்சிட்ட ஊதா, பச்சை நிறத் தலைகள் சிலவற்றில், முத்திரையை அழித்து மீண்டும் பயன்படுத்துவதைத் தடுக்க நீரில் கரையும் மை பயன்படுத்தப்பட்டது. நனைந்தால் நிறம் போய்விடும். பின்னர் அது எந்த வகை என்று கூறவும் இயலாது. முத்திரை தெளிவாக உள்ள உறைகளை வெட்டாமல் முழுமையாகவே வைக்க வேண்டும். ஊர்ப்பெயரும் நாளும் காட்டும் முத்திரை, தலையின் காலத்தை உறுதிசெய்யப் பலவேளைகளில் நீர்க்குறியினும் எளிய சான்றாகிறது. தலையை விரலால் எடுக்காமல் தட்டை முனையுள்ள இடுக்கியால் எடுக்க வேண்டும்.