திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட்

இன்னைக்கு ஒரு பழைய ரயில் டிக்கெட்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் பதினாறு வயசுப் பையன் ஒருத்தன், அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூணு ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்புறான். போக வேண்டிய ஊர் திருவண்ணாமலை. கையில் இருந்தது ஒரு பழைய அட்லஸ். அதில் திருவண்ணாமலைக்கு ரயிலே இல்லை. பக்கத்துல இருக்கிற ஸ்டேஷன் திண்டிவனம்னு நினைச்சு, 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கிட்டான்.

ஆனா அப்பவே விழுப்புரம் – காட்பாடி பாதை வந்தாச்சு. அது திருவண்ணாமலை வழியாத்தான் போகுது. ஊர் வளர்ந்துடுச்சு, மேப் வளரலை. ரயிலில் கூட வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் மாறணும்னே பையனுக்குத் தெரிஞ்சது. காசு பத்தாம, கொஞ்ச தூரம் நடந்து, காதுக் கடுக்கனை அடகு வெச்சு, செப்டம்பர் 1 காலையில் போய்ச் சேர்ந்தான். அந்தப் பையனைத்தான் நாம ரமண மகரிஷின்னு சொல்றோம்.

இந்தக் கதையை ஆன்மிகத்துக்காக நான் சொல்லலை. என் அத்தை 2019-ல் அந்த ஊர்ல ஒரு மனை வாங்கினாங்க. அவங்க கையிலயும் ஒரு மேப் இருந்தது. அதில் முப்பது அடி ரோடு, பூங்கா, கால்வாய் எல்லாம் கலர் கலரா இருந்தது. ஆறு வருஷம் ஆச்சு. வீடுகள் வந்துடுச்சு, இரண்டு கஃபே வந்துடுச்சு, 'மலை வியூ' போர்டோட ஒரு அபார்ட்மென்ட்டும் வந்துடுச்சு. பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் வேலிக்கருவை நிக்குது. கால்வாய் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியலை. ரமணர் கையில் இருந்த மேப் ஊரை விடப் பின்தங்கி இருந்தது. அத்தை கையில் இருந்த மேப் ஊரை விட ரொம்ப முன்னாடி போயிருந்தது.

இந்த ஊர் கூட்டத்துக்குப் புதுசு இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் இதைத் தன் தலைநகரங்களில் ஒன்றா வெச்சிருந்தான். கோயிலில் வல்லாள கோபுரம் இன்னும் அவன் பேரைச் சொல்லுது. 1516-ஐ ஒட்டி விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இங்கே பெரிய திருப்பணி பண்ணார். 217 அடி ராஜகோபுரம் அவர் ஆரம்பிச்சது, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் முடிஞ்சது. கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். ஆனா அதே திருப்பணியில் ஆயிரங்கால் மண்டபமும் ஒரு திருக்குளமும் இருக்கு. நிழலும் தண்ணியும்! கூட்டம் வரப்போகுதுன்னு தெரிஞ்சவங்க செஞ்ச வேலை அது.

கிரிவலப் பாதையில் நடந்தவங்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர்ல அங்கங்கே கல் மண்டபம், பக்கத்துல ஒரு குளம். நடக்கிறவங்க எங்க உட்காருவாங்க, எங்க தண்ணி குடிப்பாங்கன்னு யாரோ யோசிச்சிருக்காங்க. மலையில் இறங்கும் மழைத்தண்ணி ஓடைகள் வழியா இந்தக் குளங்களுக்கும் ஏரிகளுக்கும் போகும். அதாவது குளம் ஒரே நேரத்துல மூணு வேலை செஞ்சது: குடிதண்ணி, குளிக்கிற இடம், வெள்ளத்துக்கு வடிகால். ரமணர் ஊருக்கு வந்த அன்னைக்குக் கையில் மிச்சம் இருந்த காசை வீசினது அப்படி ஒரு குளத்தில்தான், அய்யங்குளம்.

இங்க ஒரு நிமிஷம். "அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்தது"ன்னு நான் சொல்ல வரலை. அந்தக் குளமும் சத்திரமும் எல்லாருக்கும் திறந்திருக்கலை. 1947-ல் மதராஸ் மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. அதுக்கும் பிறகு, இதே மாவட்டத்தில் தென்முடியனூர் கிராமத்து முத்துமாரியம்மன் கோயிலுக்குள்ள பட்டியல் சாதி மக்கள் போலீஸ் பாதுகாப்போட முதல் தடவை போனது 2023 ஜனவரியில். ராஜா கட்டின குளம் அவர் கொடுத்த தானம். தானத்தை யாருக்குன்னு தீர்மானிக்கிறவர் கொடுக்கிறவர்.

'பொது வசதி' என்பது வேற யோசனை. 1882-ல் வைசிராய் ரிப்பன் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884-ல் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம். 1886-ல் திருவண்ணாமலை நகராட்சி ஆச்சு. இப்போ நீங்க வரி கட்டுறீங்க, பதிலுக்குத் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் கேட்கிறீங்க. இது தானம் இல்லை, உரிமை. வீட்டு வரி ரசீதுதான் அந்த உரிமைக்கான டிக்கெட்.

அப்புறம் என்ன ஆச்சு? ஊர் வேகமா ஓடிடுச்சு. 1989-ல் வடஆற்காடு மாவட்டம் பிரிஞ்சு இது மாவட்டத் தலைநகர் ஆச்சு. அரசு ஆபீஸ், கல்லூரி, அதுக்கான குடியிருப்பு எல்லாம் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு மட்டும் வந்த பெருங்கூட்டம், கடைசி முப்பது நாற்பது வருஷத்தில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வர ஆரம்பிச்சது. இப்போ ஆந்திரா, தெலங்கானாவில் இருந்து வார இறுதியிலயும் வர்றாங்க. 2011 கணக்கெடுப்பில் நகராட்சி மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கலை. 2024-ல் ஊர் மாநகராட்சி ஆகிடுச்சு. தீபத்தன்னைக்கு வர்றவங்க இதைப் போலப் பல மடங்கு. சாக்கடையும் கழிப்பறையும் யாரை எண்ணிக் கட்டுறது?

இதைப் புள்ளிவிவரமா இல்லாம நான் புரிஞ்சுக்கிட்டது ஒரு பௌர்ணமி ராத்திரி. அத்தையோட கிரிவலம் போனேன். பாதி வழியில் அவங்க நடை மெதுவாச்சு.

"என்ன அத்தை, கால் வலிக்குதா?"

"கால் இல்லடா. நீ முன்னாடி போ."

அப்பதான் புரிஞ்சது. வழியில் பார்த்த கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசை தெரு வரைக்கும் நின்னுச்சு. கடைசியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே உள்ள விட்டாங்க. "இன்னைக்கு நீங்க எத்தனாவது ஆளுன்னு கணக்கே விட்டுட்டேன்"னு சொன்னாங்க. ஒரு ஊரோட பொதுக் கழிப்பறை வேலையை ஒரு வீடு செய்துகிட்டு இருக்கு. வர்ற வழி எல்லாம் தண்ணியே குடிக்காமத்தான் நடந்தேன்னு அத்தை அப்புறம் சொன்னாங்க.

சரி, புது நகர்ல பூங்காவும் கால்வாயும் ஏன் காணாமப் போகுது? சட்டம் இருக்கு. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டா, ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியா உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். ஆனா அங்கீகாரமே வாங்காமப் போட்ட மனைப்பிரிவுகள் மாநிலம் முழுக்க ஏராளம். 2016 செப்டம்பரில் அவற்றைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது: கட்டணம் கட்டுங்க, மனை சட்டப்படி ஆகிடும். வாங்கின நடுத்தரக் குடும்பங்களுக்கு அது நிம்மதிதான், மறுக்க முடியாது. ஆனா பணம் கட்டினா காகிதம் சரியாகும். ஏற்கெனவே வீடு நிக்கிற இடத்தில் பூங்காவும் ஓடையும் திரும்ப முளைக்காது.

பூங்கா இல்லாட்டி பிள்ளைங்க ரோட்டில் விளையாடுவாங்க. ஓடை இல்லாட்டி?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கடந்த பிறகும் நகராம மழையைக் கொட்டியது. டிசம்பர் 1 அன்னைக்குத் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிஞ்சு, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிடுச்சு. உள்ளே ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். யாரையும் உயிரோட மீட்க முடியலை. அந்த வருஷம் தீபத்துக்கு மலை ஏறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை.

அந்த மழை அசாதாரணமானது. எந்த ஒரு காரணத்தையும் தனியா நிறுத்தி, இதுதான் பண்ணுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கேள்வி கேட்கலாம். மலையை ஒட்டி யார் வீடு கட்டுறாங்க? பார்வைக்காகக் காசு கொடுத்து வர்றவங்க சமதளத்தில் வாங்குறாங்க. வேற எங்கயும் இடம் வாங்க முடியாதவங்க சரிவில் ஏறுறாங்க. தண்ணி எந்த வழியா இறங்கும்னு அவங்களுக்குச் சொல்லும் மேப்பை யாரும் கொடுக்கலை.

ஆனா அந்த மேப் இருக்கு. உங்களில் பல பேர் இந்த வயசுல முதல் மனையோ, அப்பா அம்மாவுக்கு ஒரு வீடோ தேடிக்கிட்டு இருப்பீங்க. புரோக்கர் காட்டுற கலர் பிளானை ஓரமா வைங்க. சர்வே நம்பரை வாங்கி, தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்க. 'ஓடை புறம்போக்கு', 'ஏரி'ன்னு எழுதியிருந்தா அது தண்ணியோட பட்டா. பூங்கா எங்கன்னு கேட்டு, தானப் பத்திர நகலைக் காட்டச் சொல்லுங்க. அத்தை தெருக்காரங்க இப்போ அந்த நகலைத் தேடித்தான் மனு போட்டிருக்காங்க. ஒன்பது கையெழுத்து. நானும் எழுதிக் கொடுத்தேன், பதில் இன்னும் வரலை.

ஊரில் எதுவுமே நடக்கலைன்னும் இல்லை. அய்யங்குளத்தைச் சில வருஷம் முன்னாடி தூர்வாரிச் சீர்செய்தாங்க. பழைய போட்டோக்களில் மொட்டையா இருக்கும் மலை, உள்ளூர்க்காரங்களும் தன்னார்வலர்களும் பல வருஷமா நட்ட மரங்களால் இன்னைக்குப் பச்சையா இருக்கு. 2024 மே மாசம் சென்னை கடற்கரையில் இருந்து நேரடி ரயிலும் வந்துடுச்சு, ஐம்பது ரூபாய் டிக்கெட். கேட்டுக்கிட்டே இருந்ததால் வந்த ரயில் அது.

திண்டிவனத்தில் இருந்து செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு ஒரு பாதை போடுறதா அறிவிச்சுப் பல வருஷம் ஆகுது. சுமார் 70 கிலோமீட்டர். இந்த எபிசோடைப் பதிவு பண்ணும்போது அதில் ரயில் ஓடலை. 1896-ல் அந்தப் பையன் திண்டிவனத்தில் இறங்கியிருந்தா, மிச்ச தூரம் நடந்துதான் போயிருக்கணும். இன்னைக்கும் அங்க இறங்கினா, பஸ் பிடிக்கணும்.