மதிலை உடைத்த கல்லும் மனத்தைத் திறந்த துஆவும்



புதுச்சேரியின் பழைய நகரைச் சுற்றி முட்டை வடிவில் செல்லும் புல்வார் சாலைகளில் நாள்தோறும் நடக்கிறோம். ஒரு காலத்தில் அவ்வழியே கோட்டை மதில் நின்றது. 1761 ஜனவரி 16 அன்று பிரெஞ்சுக்காரர் சரணடைந்த பின், ஆங்கிலேயர் அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். வெடிமருந்து வருவதற்கு முன்னர் மதில்களை உடைத்தது எது? கல்லெறியும் பொறி. அரபியில் அதன் பெயர் மன்ஜனீக்.

தினைப்புனத்தில் கிளியோட்டிய கவணைத் தமிழர் நன்கறிவர். மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளைக் கூறும் சிலப்பதிகாரம், கல்லுமிழும் கவணையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. கிரேக்கர்களோ கி.மு. 399 அளவில் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரில் அம்பெறியும் பொறிகளைச் செய்தனர். சீனர்கள் நீண்ட மரத்துலாவின் ஒரு முனையில் கல்லை வைத்து, மறுமுனைக் கயிறுகளைப் பலர் ஒருசேர இழுத்து எறிந்தனர். இம்முறையே மேற்கு நோக்கிப் பரவியது. கி.பி. 711-12இல் முஹம்மது பின் காசிம் சிந்துவின் தேபல் துறைமுகத்தை முற்றுகையிட்டபோது, ‘அல் அரூஸ்’, அதாவது மணமகள், என்ற மன்ஜனீக்கை இயக்க 500 பேர் தேவைப்பட்டதாக வரலாற்றாசிரியர் பலாதுரீ எழுதுகிறார்.

பின்னர், ஆட்களின் இழுவிசைக்குப் பதிலாகப் பெரும் எடையைத் தொங்கவிடும் முறை வந்தது. சுல்தான் ஸலாஹுத்தீனுக்காகத் தர்சூஸீ எழுதிய நூல் அதனை விளக்குகிறது. 1273இல் குப்லாய் கானின் படை சீனாவின் சியாங்யாங் நகரை வீழ்த்தப் பொறி அமைத்துத் தந்தவர்கள் இஸ்மாயீல், அலாவுத்தீன் என்னும் முஸ்லிம் பொறியாளர்களே. சீனர்கள் அதனை ‘முஸ்லிம்களின் எறிபொறி’ என்றே அழைத்தனர்.

இது பெருமைக்குரிய அறிவுதான். ஆயினும் வரலாறு நமக்கு மற்றொரு பக்கத்தையும் காட்டுகிறது. ஹிஜ்ரி 73இல் (கி.பி. 692) மக்காவை முற்றுகையிட்ட ஹஜ்ஜாஜ், அபூகுபைஸ் மலைமீது மன்ஜனீக்கை நிறுத்தினான். அதன் கற்கள் புனித கஃபாவின் மீதே விழுந்தன. எறிந்தவர்களும் அந்த கிப்லாவை நோக்கித் தொழுதவர்களே! கல்லுக்குக் கண்ணில்லை, எறிபவனுக்குத்தான் இறையச்சம் வேண்டும்.

புதுச்சேரியும் இக்கொடுமையைக் கண்டது. 1760 நவம்பரில், முற்றுகையால் உணவு குறைந்தபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி உள்ளூர் மக்கள் ஏறத்தாழ 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களைக் கடந்துசெல்ல விடவில்லை. போர் செய்யாத அம்மக்கள் இரு படைகளுக்கும் நடுவே பல நாள் பட்டினி கிடந்தனர்.

சகோதரர்களே! ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) தாயிஃப் கோட்டையின் முன் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி மன்ஜனீக் நிறுத்தப்பட்டதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. கோட்டை திறக்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முற்றுகையை விலக்கினார்கள். ஸகீஃப் குலத்தாரைச் சபிக்குமாறு வேண்டியவர்களிடம் அவர்கள் சபிக்கவில்லை. அக்குலத்தாருக்கு நேர்வழி கிட்டுமாறு இறைஞ்சினார்கள். மறு ஆண்டே அம்மக்கள் மதீனாவுக்குத் தாமாகவே வந்து இஸ்லாத்தை ஏற்றனர்.

கல்லால் திறவாத வாயில் துஆவால் திறந்தது. புல்வாரில் நடக்கும்போது இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக!