பூ ஒன்று, வேர் இரண்டு

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிறோம். கண்ணாடியெனத் துலங்க வேண்டிய கருவிழியின் முகப்புப் படலம் வெளிறி, ஒளியை மறிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். காயத்தாலும் கிருமியாலும் விழும் பூவின் காரணம் வெளிப்படை. காயமுமின்றிக் கிருமியுமின்றி விழும் பூ எதனால் வந்தது? பெற்றோர் வழி வந்த மரபாலா? முதுமையும் பிற நோயும் விளைத்த சிதைவாலா? இக்கேள்விக்கு விடைகண்ட வரலாறு, கண்ணோடு கருத்துக்கும் ஒளிதருவது.

1890ஆம் ஆண்டில், இன்று போலந்து நாட்டிலுள்ள ப்ரெஸ்லாவ் நகரில், ஆர்தர் குரோனோ என்னும் ஜெர்மானிய மருத்துவர், கருவிழியில் சிறுசிறு முடிச்சுகள் படிந்த நோயாளிகள் இருவரைப் பற்றி எழுதினார். இருவர் நோயையும் ஒன்றென எண்ணி ஒரே பெயரிட்டார். அதே ஆண்டு சூரிச் நகரில் ஹ்யூகோ பீபர், வலைபோல் கோடுகள் பின்னிய இன்னொரு வகையை விவரித்தார். கண்டனர், வரைந்தனர், பெயரிட்டனர். எனினும் கண்ணை நோக்கியதால் மட்டும் வேர் புலப்பட்டுவிடவில்லை.

1938இல் மாக்ஸ் பூக்ளர்ஸ் என்பார், குடும்பம் குடும்பமாக, தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். குருணை வகையும் வலை வகையும் பெற்றோருள் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வரும். திட்டு வகையோ, பார்வை பழுதுறாத தாய் தந்தை இருவரும் மறைவாகச் சுமந்த குறையால் வருவது. குரோனோவின் நோயாளிகளுள் ஒருவருக்கு இருந்தது குருணை வகை; மற்றவருக்குத் திட்டு வகை. ஒரு பெயருக்குள் இரு நோய்கள் ஒளிந்திருந்தன!

சிதைவின் வழி வேறு. முதியோர் கருவிழியைச் சுற்றிக் காணும் வெள்ளை வளையம் கொழுப்பின் படிவு; பார்வையை அது கெடுப்பதில்லை. நெடுநாள் அழற்சியாலோ, குருதியில் சுண்ணச்சத்து மிகுந்ததாலோ, கருவிழியின் குறுக்கே சுண்ணப்பட்டை படிவதுண்டு. வெயிலிலும் மணற்காற்றிலும் உழைப்போர் கண்ணில் மஞ்சள் துளிகள் படிவதுண்டு.

மரபுவழி மங்கல் பெரும்பாலும் இளமையில் தொடங்கும்; இரு கண்ணிலும் ஒத்து வரும்; நடுவில் நிற்கும். சிதைவோ பெரும்பாலும் பிந்தி வரும், ஒரு கண்ணோடும் நிற்கும், ஓரத்தில் தொடங்குவதுண்டு. ஆயினும் அகவையை மட்டும் அளவுகோலாக்கலாகாது. 1910இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் முதியோரிடம் கண்டு உரைத்த மங்கல், முதுமையின் விளைவென்றே தோன்றும். பல குடும்பங்களில் அது மரபுவழி வருவதெனப் பின்னர் தெளிந்தது.

1997இல் மரபணு ஆய்வு மற்றொரு வியப்பைத் தந்தது. தோற்றத்தில் வேறான குருணையும் வலையும் ஒரே மரபணுவின் பிழைகள்! 2000இல் திட்டு வகையின் மரபணு வேறிடத்தில் அகப்பட்டது. தோற்றம் சொல்லும் உறவு வேறு. வேர் சொல்லும் உறவு வேறு.

இவ்வறிவால் பயன் என்ன? சுண்ணப்பட்டையைச் சுரண்டி நீக்கலாம். அதன் காரணத்தைக் குருதியில் தேடலாம். மரபு நோயாளிக்கோ, பிறர் தந்த கருவிழியைப் பொருத்திய பின்னும் நோய் மீளக்கூடும். உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் சோதித்தல் நலம். திட்டு வகையின் குறையைப் பெற்றோர் இருவரும் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய்வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் நம் தென்னாட்டில், இந்நோயுற்ற குடும்பங்கள் பல ஆராயப்பட்டுள்ளன. உறவு விட்டுப்போகக் கூடாதென்று மணம் முடிப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஆனால், அறிவு கொடியோர் கையில் வாளாகும் என்பதையும் மறக்கலாகாது. பூக்ளர்ஸ் ஆய்ந்த அதே ஜெர்மனியில், 1933இல் இட்லர் ஆட்சி ஒரு சட்டம் இயற்றியது. மரபு நோயர் எனப்பட்டோரைக் கட்டாயமாக மலடாக்கியது அச்சட்டம். மரபுவழிக் குருடும் அதன் பட்டியலில் ஒன்று. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதற்கு இரையாயினர். பிறப்பை ஆராய்ந்தது மருத்துவம். பிறப்பையே குற்றமாக்கியது ஆணவம்!

மரபு என்பது காரணம், களங்கமன்று. எவன் செய்த வினையும் அவன் கருவிழியில் எழுதப்படவில்லை. பூ விழுந்த கண்ணைக் கண்டால் வேர் எதுவெனக் கேட்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பழி சுமத்தும் பழக்கத்தை மட்டும் வேரோடு களைவோம்!